நான் டைப் அடித்த தடைகள்

காட்டுப்பாக்கத்துக்கும் பூந்தமல்லிக்கும் இடையில் இருந்த ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. தொண்ணூறுகளின் தொடக்கம். வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் 'தற்காலிகம்' என்று போட்டிருந்தது. வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் அலுவலகம் என்பதால் அம்மா அந்தச் சொல்லைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஃபிட்டர். தினமும் சைக்கிளில் போய்வருகிறவர். "நடந்து போற தூரத்துல கவர்மென்ட் வேல, யாருக்குமா கெடைக்கும்?" என்று சந்தோஷப்பட்டார்.

உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் கிடந்த காலம் அது. தலைவரும் இல்லை, உறுப்பினர்களும் இல்லை. நிர்வாக அதிகாரியே தனி அலுவலராகவும் இருந்தார். தீர்மானத்தைக் கொண்டு வருபவர் அவர், பரிசீலிப்பவர் அவர், ஒருமனதாக நிறைவேற்றுபவரும் அவரே. டைப் அடிப்பது மட்டும் நான்.

அவரைப் பற்றிக் குறையாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர். எவரும் வாங்கித் தரும் டீயைக்கூடக் குடிக்க மாட்டார். வீட்டிலிருந்து கொண்டு வந்த எலுமிச்சைச் சாதத்தைத் தன் மேஜையிலேயே காகிதம் விரித்துச் சாப்பிடுவார். அவருக்கு ஒரே ஒரு பயம், மனு. ஒரு மனு வந்து, அதன்மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று மேலே யாராவது கேட்டு, பதில் இல்லாமல் நிற்க நேர்ந்துவிடுமோ என்ற பயம். அதனால் காலையில் ஏதாவது நடந்தால் மாலைக்குள் அதைத் தடை செய்துவிடுவார்.

"ஏம்மா, ஒரு ஸ்டென்சில் எடும்மா" என்பார். அந்தக் குரலைக் கேட்டதும் ஊரில் எதற்கோ நாள் குறித்தாகிவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஸ்டென்சில் என்பது மெழுகு தடவிய நீலத் தாள். டைப்ரைட்டரில் மாட்டி அடித்தால் எழுத்து ஓட்டை ஓட்டையாக விழும். அதை மை உருளையில் சுற்றி நூறு பிரதி எடுக்கலாம். தப்பாக அடித்துவிட்டால் நகப்பூச்சு போல ஒரு சிவப்புத் திரவத்தைத் தடவி, ஊதி, காய்ந்தபின் அதன்மேல் அடிக்க வேண்டும். எந்நேரமும் என் விரலில் அந்தச் சிவப்பு ஒட்டியிருக்கும். 'கூடாது' என்ற சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கப் பழகியது அங்கேதான்.

நான் அடித்த முதல் தடை வடகத்தின்மேல். மேலதிகாரி ஒருவரின் ஜீப், தெருவில் காய்ந்துகொண்டிருந்த வடகத்தின்மேல் ஏறிவிட்டது. வடகத்துக்குச் சொந்தக்காரி ஜீப்பை மறித்து, உள்ளே இருப்பவர் யாரென்று தெரியாமல், தெரிந்த பின்னும், நன்றாகத் திட்டினாள். மறுநாளே 'பொதுச் சாலையில் உண்பொருட்கள் உலர்த்தக் கூடாது' என்று அறிவிப்பு. பெண்கள் படித்தார்கள். மூன்று வாரமாக நகராமல் நின்ற ஒரு லாரியின்மேல் ஏறி வடகம் பிழிந்தார்கள். "லாரி மேலதான காயுது, ரோட்லயா காயுது?" என்று கேட்டார்கள். 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ள வாகனங்களின் மீதும்' என்று திருத்தம் அடித்தேன். சைக்கிள் கேரியரில் ஈரப் புடவையைக் காயவிட்டு ஒருவர் ஓட்டிக்கொண்டே போனதைப் பார்த்து, 'துணிகளும் இதில் அடங்கும்' என்று இன்னொரு திருத்தம். கடைசியில் பாதித் தெருவின் வடகம் எங்கள் அலுவலக மொட்டைமாடியிலேயே காய்ந்தது. எங்கள் பியூன், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த மனிதர், சாவியை வைத்துக்கொண்டு முறை போட்டு ஆளனுப்பிக்கொண்டிருந்தார். அதிகாரிக்கு முட்டிவலி, மாடி ஏற மாட்டார்.

அடுத்தது ஆடு. ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிய பட்டியலை ஓர் ஆடு தின்றுவிட்டது. 'ஆடுகளைத் தெருவில் அவிழ்த்து விடக் கூடாது' என்று அடித்தேன். பியூன் மைதா பசை காய்ச்சி ஊரெல்லாம் ஒட்டிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் அதிகாரி முன்னால் போய் நின்றார்.

"சார், நம்ம உத்தரவ ஆடு துன்னுட்சி."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மிகுந்த அக்கறையோடு கேட்டார். "எந்த ஆடு?"

நான் ஸ்டென்சிலுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன்.

ஒலிபெருக்கித் தடைதான் எல்லாவற்றிலும் அழகு. பரீட்சை சமயத்தில் ஒரு கடைத் திறப்பு விழாவில் காலையிலிருந்து பாட்டுப் போட்டுக் கத்தவிட்டதற்காக, 'எழுத்து மூலமான முன் அனுமதி இன்றி ஒலிபெருக்கி கூடாது' என்று உத்தரவு. அதை ஊருக்கு அறிவிக்க ஓர் ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு பியூன் கிளம்பினார். இரண்டாவது திருப்பத்தில் ஒரு கான்ஸ்டபிள் நிறுத்தினார். அவர் அந்த உத்தரவைக் காலையில்தான் படித்திருந்தார்.

"பர்மிஷன் லெட்டர் எங்க?"

"பர்மிஷன் குடுக்கறவரே சொல்லித்தான் வந்துகினு கீறேன்" என்றார் பியூன்.

"எழுத்து மூலமான்னு போட்டுக்குது. லெட்டர் கீதா இல்லியா?"

ஆட்டோ சத்தமில்லாமல் திரும்பி வந்தது. எங்கள் அலுவலகம் எங்கள் அலுவலகத்துக்கு அனுமதி அளித்து ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தேன். அதிகாரி கையெழுத்துப் போட்டார். அவருக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை. அந்தக் கான்ஸ்டபிளை மெச்சிக்கூடப் பேசினார்.

இவற்றையெல்லாம் சாயங்காலம் வீட்டில் சொல்வேன். அப்பா புரையேறும்வரை சிரிப்பார். அம்மாதான் அதிகாரி கட்சி. "ஊருன்னா ஒரு கண்டிஷன் வேணுந்தான? அந்த மனுஷன் வந்தப்பறந்தான் ஆடு ஊட்டுக்குள்ள வர்றதில்ல" என்பாள்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது அப்போதுதான். மாப்பிள்ளை கள்ளிக்குப்பம், எஸ்டேட்டில் லேத் ஓட்டும் டர்னர். அப்பாவோடு வேலை செய்தவரின் தம்பி. எங்கள் மாதா கோயிலில் பூசை, பிறகு தெருவில் பந்தல் போட்டு விருந்து. எங்கள் தெருவில் எல்லாக் கல்யாணமும் அப்படித்தான் நடந்தன. பூந்தமல்லி சாலையில் இருந்த இரண்டு மண்டபங்களும் அந்த மாதம் முழுக்க நிரம்பியிருந்தன. பந்தல்காரரிடம் சொல்லியாகிவிட்டது. பத்திரிகையும் அச்சாகிவிட்டது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பக்கத்துத் தெருவில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாப் பந்தலுக்கு அடியில் மணல் லாரி ஒன்று புகுந்து போகப் பார்த்தது. துணி லாரியின் கொக்கியில் மாட்டிக்கொண்டது. ஓட்டுநருக்குத் தெரியவில்லை. சீரியல் விளக்கு, தோரணம், இரண்டு வாழைமரம் எல்லாம் லாரியோடு சேர்ந்து குமணன்சாவடி வரை ஊர்வலம் போயின. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் தலைக்குமேல் திடீரென்று வானம் தெரிந்ததாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் விழா வீட்டுக்காரர் மனு கொடுத்துவிட்டார்.

"ஏம்மா, ஒரு ஸ்டென்சில் எடும்மா."

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். 'பொதுச் சாலையில் எக்காரணம் கொண்டும் பந்தல், சாமியானா, மேடை ஆகியவை அமைக்கக்' என்பது வரை வந்தது. கை நின்றுவிட்டது.

"என்னம்மா, தாள் கிழிஞ்சுட்டா?"

"இல்ல சார்."

'கூடாது' என்று அடித்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை தற்காலிகம் என்பதை அம்மா மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை. எனக்காக உத்தரவை மாற்றுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை என்று ஓர் அறிவிப்பு வாசிப்பார்கள்; அந்த ஞாயிறு எங்களுக்கு இரண்டாம் ஓலை. இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று பங்குத் தந்தை படித்தார். எத்தனையோ கல்யாணத்துக்குக் கேட்ட வரிகள்தாம். எனக்கு மட்டும் அன்று காது சுட்டது. தடை இருந்தது. கையில் அதன் சிவப்புகூட இன்னும் போகவில்லை.

திங்கட்கிழமை பியூன் எங்கள் வீட்டு எதிர்ச்சுவரிலேயே அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார். மாலையில் நான் வந்தபோது அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாடி இது?"

"அறிவிப்பு."

"படிச்சிட்டேன். இத எவன்டி டைப் அடிச்சான்?"

நான் செருப்பைக் கழற்றுவதிலேயே கவனமாக இருந்தேன்.

"நீயா அடிச்ச?" அம்மாவின் குரல் தெருக்கோடி வரை போனது. "ஒன் கல்யாணத்துக்கு நீயே தட போட்டுகினு வந்து நிக்கற? இந்த ஒலகத்துல எவளாவது செஞ்சிருப்பாளா?"

அப்பா உள்ளேயிருந்து, "சம்பளம் வாங்கறா இல்ல, அடிச்சித்தான ஆவணும்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப் பக்கம் போய்விட்டார். அதிகாரி கட்சியிலிருந்து அம்மா அன்றைக்கே விலகிவிட்டாள்.

பந்தல்காரர் விஷயம் கேள்விப்பட்டு மறுநாள் வந்தார். தடியான, சந்தோஷமான மனிதர்.

"இன்னா அண்ணாத்தே, இதுக்குப் போயி மொகத்த தொங்கப் போட்டுகினு? காலு நட்டாத்தான பந்தலு? நா காலே நடல. இந்த ஊட்டு மாடிலேந்து அந்த ஊட்டு மாடிக்கு கயிறு இஸ்து, துணியப் போட்டுட்றேன். கேட்டா, துணி காயுதுன்னு சொல்லு."

"துணி காயப் போடவும் தடை இருக்குண்ணே" என்றேன்.

"அத்த யாரு போட்டது?"

"அதுவும் நான்தான் அடிச்சேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னும் இன்னா இன்னா அட்ச்சி வெச்சிக்கீற, ஒருவாட்டி மொத்தமா சொல்லிடும்மா. அப்பறம் ரோசன பண்லாம்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நான் உண்மையிலேயே உத்தரவுக் கோப்பை எடுத்து முதலிலிருந்து படித்தேன். அடிக்கும்போது எழுத்து எழுத்தாகப் பார்த்தவை. வரிசையாகப் படித்தது அன்றுதான். ஒவ்வொரு தடைக்கும் பின்னால் ஒரே ஒரு நாள் இருந்தது. ஏதோ ஒரு நாள், எங்கோ ஒன்று நடந்தது. அந்த ஒரு நாளுக்காக மற்ற எல்லா நாளையும் பூட்டி வைத்திருந்தோம்.

நடுவில் ஓர் உத்தரவு கண்ணில் பட்டது. முந்தைய கோடையில் மண்ணெண்ணெய் வரிசையில் ஒரு பெண் வெயில் தாங்காமல் மயங்கி விழுந்தாள். அதிகாரியே ஓடிப் போய்த் தண்ணீர் தெளித்து, ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பினார். அன்று மாலை பதறிப்போய்ச் சொல்லச் சொல்ல நான் அடித்த உத்தரவு அது. 'பொது இடத்தில் ஐம்பது பேருக்கு மேல் கூடும் எந்த நிகழ்ச்சிக்கும், அதை நடத்துவோர், வந்திருப்போரின் தலைக்கு மேல் நிழல் ஏற்பாடு செய்தல் கட்டாயம். தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.'

அந்தத் தாளையும் பந்தல் தடையையும் எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போனேன். எலுமிச்சைச் சாதத்தை முடித்துவிட்டுக் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். தெருவுலதான் விருந்து. எரநூறு பேர் வருவாங்க."

அவர் முகம் மாறியது. அவருக்கு அது தோன்றவே இல்லை என்பது தெரிந்தது. "அடடா. அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா." பிறகு மெல்ல, "ஆனா ஒனக்கு மட்டும் விலக்குக் கொடுத்தா ஊர் கேக்குமே. நான் போட்ட உத்தரவ நானே மீறலாமா?"

"எனக்கு விலக்கு வேணாம் சார்." இரண்டு தாளையும் அருகருகே வைத்தேன். "பந்தல் போட்டா இதை மீறுறேன். போடாட்டி அதை மீறுறேன். ரெண்டுல எதை மீறணும்னு மட்டும் நீங்க சொல்லிட்டா, அதுபடி நடந்துக்குவேன்."

அவர் முதல் தாளைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். இரண்டிலும் தன் கையெழுத்தைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

அவர் தோள் குலுங்கியது. முதலில் சத்தமே இல்லை. பிறகு எங்கள் அலுவலகத்தில் அதுவரை கேட்டிராத ஒரு சிரிப்பு வந்தது. மெலிந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய சிரிப்பு. பியூன் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார்.

"ரெண்டையும் நிறுத்தி வை" என்றார் அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மறு உத்தரவு வரும் வரைன்னு போடு. ஊர் முழுக்கத்தான், ஒனக்கு மட்டும் இல்ல."

அந்த ஸ்டென்சிலை ஒரு பிழைகூட இல்லாமல் அடித்தேன்.

கல்யாணத்தன்று பந்தல்காரர் தடைமேல் இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து வைத்து, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பந்தல் போட்டிருந்தார். இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெஞ்சைக் குறுக்கே போட்டு, லாரிக்காரர்களுக்குத் தெரிய சிவப்புத் துணியும் கட்டியிருந்தார். அதை அவராகவே செய்தார். எந்த உத்தரவிலும் இல்லை. நடுப்பகலில் ஒரு தண்ணீர் லாரி வந்து பெஞ்சின் முன் நின்றது. அப்பா போய் ஓட்டுநரின் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்தார். அவர் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, "பொண்ணு மாப்ள நல்லா இருக்கணும்" என்று வாழ்த்திவிட்டு, லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டு வேறு வழியாகப் போனார். அதிகாரி சைவம். அவருக்கென்று அம்மா தனியாகச் சமைத்து, தானே பரிமாறினாள். "நல்லா சாப்புடுங்க சார். ஒங்களாலதான் எல்லாம்" என்றாள். பாராட்டா, குத்தலா என்று எனக்கே தெரியவில்லை. அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டு இரண்டாம் முறை பாயசம் கேட்டார்.

விடுப்பு முடிந்து, கள்ளிக்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி அலுவலகம் வந்தபோது, உத்தரவுக் கோப்பு என் மேஜைமேல் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் குறித்திருந்தார். ஒரு வாரம் அதே வேலையாக இருந்தோம். அவர் படிப்பார், "இது வேணுமாம்மா?" என்று கேட்பார். முதலில் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றுதான் சொல்லத் தோன்றியது. ஆனால் பாரிவாக்கம் போகும் வழியில் இருந்த திறந்த கிணறுகளைச் சுற்றிச் சுவர் எழுப்பச் சொன்ன உத்தரவு வந்தபோது நானே வேண்டும் என்றேன். அதற்குமுன் அந்தக் கிணறுகளில் விழுந்தவர்கள் உண்டு, அதன்பின் இல்லை. ஏரியில் கழிவைக் கொட்டக் கூடாது என்பதையும் வைத்துக்கொண்டோம். இன்னும் இரண்டு மூன்று தேறின. மற்றவற்றை ரத்து செய்து ஒரே ஸ்டென்சிலில் அடிக்கப் பார்த்தேன். தாள் போதவில்லை, இன்னொன்று மாட்ட வேண்டியிருந்தது.

கடைசி நாளன்று அவர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். "கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்ச மாதிரி ஒரு நிம்மதி வருதும்மா. நேர்ல போய்ப் பேசுறதுன்னா நேரமாகுது. நாலு பேர் திட்டுறாங்க வேற. நான் எது சுலபமோ அதச் செஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

"டீ சொல்லட்டுமா சார்?" என்று கேட்டேன். சரி என்றார். காசை அவரேதான் கொடுத்தார்.

அவருடைய பயம் ஒரே நாளில் போய்விடவில்லை. மனு வந்தால் கை தானாக என் பக்கம் திரும்பும். பாதியில் நிறுத்திக்கொள்வார். சில வாரம் கழித்து, பிரசவ விடுதிக்குப் பின்னால் இருந்த காலி மனையில் இளைஞர்கள் கபடி ஆடிச் சத்தம் போடுகிறார்கள் என்று ஒரு மனு வந்தது. அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஸ்டென்சிலை எடுக்கவா என்று பார்த்தேன். அவர் எழுந்து, ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மணி நேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது பேன்ட்டின் முட்டியில் செம்மண். பியூன் பதறினார். "விழுந்துட்டீங்களா சார்?"

"விழல. பிடிச்சுட்டானுக" என்றார் அதிகாரி. அந்த இளைஞர்களிடம் பேசப் போனவரை, சின்ன வயதில் ஆடியிருக்கிறேன் என்று வாய்தவறிச் சொன்னதும், 'கபடி கபடி' என்று ஒருமுறை பாடிப் போனால்தான் ஆயிற்று என்று அவர்கள் விடவில்லையாம். விடுதியில் பார்வையாளர் நேரத்தில் மட்டும் அங்கே ஆடிக்கொள்வதாகவும், மற்ற நேரம் பள்ளி மைதானத்துக்குப் போய்விடுவதாகவும் அவர்களே ஒத்துக்கொண்டார்களாம். முட்டியைத் தடவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, மனுவின் ஓரத்தில் 'நேரில் பேசி முடிக்கப்பட்டது' என்று எழுதினார்.

அன்று எனக்கு அடிக்க எதுவும் இல்லை. டைப்ரைட்டரை உறை போட்டு மூடிவிட்டு, ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தேன். ஜன்னலோர இடம் கிடைத்தது.